சியாவக்கின் பணயப் பிள்ளைகள்

சியாவக் பல்வலியில் செத்தான்.

டான் ஆற்றிலிருந்து மேற்கே டினீப்பர் வரைக்கும் ஒன்பது குலங்களைத் தன் சொல்லுக்குள் கட்டி வைத்திருந்தவன். பதினான்கு சண்டைகளில் ஓர் எலும்புகூட முறியாமல் திரும்பியவன். கடைசியில் கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்து, கழுத்து வீங்கி, ஆறாம் நாள் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தான். குறிசொல்லிகள் மூன்று பேர் குச்சிகளைப் பரப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் குச்சிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எப்படிச் சொன்னாலும் தலை போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கூடார வண்டிக்குள் அவன் தலைமாட்டில் அக்கா சரானா மட்டும்தான் இருந்தாள். மனைவிமார் வெளியே அழுதுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, பசங்களை விட்டுடாதே" என்றான் சியாவக். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுத்தது.

"எந்தப் பசங்க?" என்று கேட்டாள், தெரிந்தேதான்.

"அந்த ஏழு பேர். அவங்க நம்ம கையில இருக்கற வரைக்கும்தான் இது நாடு. விட்டா வெறும் புல்லு."

"சரி" என்றாள் சரானா. முப்பது வருஷமாக அவன் கேட்ட எதற்கும் அவள் வேறு பதில் சொன்னதில்லை.

அப்பாவை ஒரு நீர்த்துறைத் தகராறில் வெட்டிப் போட்டபோது சியாவக்குக்குப் பதினேழு வயது, அவளுக்கு இருபது. மிஞ்சியது அப்பாவின் வாளும் பத்தொன்பது குதிரைகளும். கூட இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வண்டியைப் பூட்டி வேறு தலைவர்களிடம் போய்விட்டன. அந்தக் குளிர்காலத்தில் சியாவக் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். அம்மாவின் பொன் ஒட்டியாணத்தை ஆற்று முகத்தில் இருந்த கிரேக்கர் பட்டணத்துக்கு எடுத்துப் போய், வண்டி வண்டியாக பார்லி வாங்கி வந்தான். மனிதர்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டார்கள், குதிரைகள் தின்றன. பனி உருகும் மாதத்தில் சமவெளி முழுக்கக் குதிரைகள் எலும்பும் தோலுமாக நிற்கும். எவனும் சண்டைக்குக் கிளம்பமாட்டான். அந்த மாதத்தில், கொழுத்த பத்தொன்பது குதிரைகளோடு, அப்பாவைக் கொன்றவர்கள் மேல் போய் விழுந்தான். சரானாவும் போனாள். அந்தச் சண்டையில்தான் அவள் இடது முட்டியில் கோடாலி விழுந்தது. அதன் பிறகு அவள் குதிரை மேல் நேராக உட்காரலாம், தரையில் நேராக நடக்க முடியாது. கல்யாணமும் நடக்கவில்லை.

ஜெயித்த பிறகு எல்லோரும் தோற்ற தலைவனின் தலையைக் கேட்டார்கள். சியாவக் கொடுக்கவில்லை. "தலையை எடுத்தா அவன் தம்பி வருவான். தம்பி தலையை எடுத்தா சித்தப்பன் வருவான். எத்தனை தலையை நான் எண்ணிக்கிட்டு இருக்கறது?" என்றான். தலைக்குப் பதிலாக அந்தத் தலைவனின் ஆறு வயது மகனைத் தூக்கிக் குதிரையில் வைத்துக்கொண்டு வந்து, முட்டியில் கட்டோடு படுத்திருந்த அக்காவின் வண்டியில் இறக்கினான்.

"இவன் பேரு சபாக். உன்கூட இருக்கட்டும். நல்லாச் சாப்பாடு போடு" என்றான்.

அப்படி ஆரம்பித்தது. ஒவ்வொரு குலமாகப் பணிந்தது, ஒவ்வொரு குலத்திலிருந்தும் தலைவன் வீட்டுப் பிள்ளை ஒன்று சரானாவின் வண்டிக்கு வந்தது. வந்த முதல் மாதம் அழும். அடுத்த மாதம் மற்றப் பிள்ளைகளோடு அடித்துக்கொள்ளும். அதற்கடுத்த மாதம் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடும். யார் பிள்ளைக்கு ஆட்டுக்கொழுப்பு ஒத்துக்கொள்ளாது, யார் தூக்கத்தில் எழுந்து நடப்பான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். சியாவக்குக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும். எட்டு.

எட்டு ஏழானதும் அவன் காலத்திலேயேதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்பு கிழக்குக் குலத்துத் தலைவன் வாக்கை மீறி சியாவக்கின் மந்தையில் கை வைத்தான். அவன் மகன் நபாஸ் அப்போது சரானாவிடம் இருந்தான், எட்டு வயது. சியாவக் தானே வந்து வண்டிக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை. "அவனைக் கொண்டு வா அக்கா" என்றான். அவள் கொண்டு வந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு வேறு எந்தக் குலமும் வாக்கை மீறவில்லை. நபாஸின் அப்பாவும் அந்த மாதமே சண்டையில் விழுந்தான். அவன் மனைவி அஸ்பானா குலத்தைத் தலைமை தாங்கினாள், சியாவக்குக்குப் பணிந்து, பேசாமல், பதினெட்டு வருஷம்.

சியாவக்கின் உடலை மெழுகு பூசி வண்டியில் ஏற்றி, நாற்பதாம் நாள் அடக்கத்துக்கு முன் குலம் குலமாகக் கொண்டு போனார்கள். போன இடமெல்லாம் ஆண்கள் நெற்றியைக் கீறிக்கொண்டார்கள். முப்பத்தெட்டாம் நாள், புதைகுழி வெட்டியிருந்த மேட்டுக்கு வண்டிகள் வந்து சேர்ந்தன. அன்று முற்பகல் சியாவக்கின் மூத்த மகன் கோதர்ஸ் சரானாவைத் தேடி வந்தான். இருபத்து நான்கு வயது. அப்பாவின் தோள், அப்பாவின் குரல். பொறுமை மட்டும் அப்பாவுடையது இல்லை.

"அத்தை, நாளன்னிக்கு அந்த ஏழு பேரையும் நீங்கதான் மேட்டுக்கு அழைச்சிக்கிட்டு வரணும்."

"எதுக்கு?"

"அப்பாகூட அனுப்பி வைக்க. ஒரு குலத்துக்கு ஒருத்தர், மேல உலகத்துல அவருக்குக் குதிரை பிடிக்க. மேட்டைச் சுத்திக் கீறியிருக்கற வட்டத்துக்குள்ள காலை வெச்சவன் செத்தவருக்குச் சொந்தம். அதுக்கு மேல எவனும் கேள்வி கேக்கறது வழக்கம் இல்ல."

சரானா கையிலிருந்த தோல்பையைக் கீழே வைத்தாள். "உங்கப்பா அவங்களை விட்டுடாதேன்னுதான் சொன்னான். கொல்லச் சொல்லல."

"விட்டுடாதேன்னா என்ன அர்த்தம் அத்தை? அப்பா இருந்தவரைக்கும் அவர் பேருக்குப் பயந்து இருந்தாங்க. என் பேருக்கு எவன் பயப்படறான்? இன்னும் ஒரு மாசத்துல ஒவ்வொருத்தனா நழுவிடுவான். ஊருக்குப் போவான், அப்பன் சேனையைச் சேர்த்துக்கிட்டு நம்ம மேலயே வருவான். செத்தவன்தான் எங்கயும் போகமாட்டான்."

"ஏழு குலமும் பார்த்துக்கிட்டு நிக்குமா?"

"மரியாதைன்னு சொல்லிச் செஞ்சா நிக்கும். ஒவ்வொரு குலமும் நூறு பேரோடதான் வருது, வில்லுல நாண் இல்லாம. என்கிட்ட நானூறு பேர் இருக்காங்க." அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு இது புதுசா அத்தை? நபாஸைக் கொண்டு வந்து கொடுத்தது நீங்கதானே?"

சரானா தோல்பையை மறுபடி கையில் எடுத்தாள். "கொண்டு வரேன்" என்றாள்.

அவன் குனிந்து அவள் தோளில் முத்தம் வைத்துவிட்டுப் போனான். முறைப்படி நடந்துகொள்வதில் குறை வைக்காதவன்.

அன்று பிற்பகல் பெண்குதிரைகளிடம் பால் கறக்கும் இடத்துக்கு ஏழு பேரையும் வரச் சொன்னாள். அவர்கள் இப்போது குழந்தைகள் இல்லை. சபாக்குக்கு முப்பத்தாறு வயது, தாடியில் அங்கங்கே நரை. கடைசிப் பெண்ணுக்கு இருபத்து மூன்று. கோதர்ஸ் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவர்களிடம் சொன்னாள்.



"ஓடிடலாம்" என்றாள் கடைசிப் பெண்.

"எங்க ஓடறது? இந்தச் சமவெளியில ஏழு குதிரை கிளம்பினா அரை நாள் தூரத்துக்குத் தூசி தெரியும்" என்றான் மாதாக். ஏழு பேரில் அவன்தான் எதையும் விளையாட்டாகப் பேசுவான். இப்போது குரலில் விளையாட்டு இல்லை.

"ஓட வேண்டாம்" என்றாள் சரானா. "நாளன்னிக்கு உங்க குலமெல்லாம் அவங்கவங்க மேய்ச்சல் மண்ணைப் பையில கொண்டு வந்து மேட்டைச் சுத்தி வரிசையா நிக்கும். வட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னால நான் ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டதும் உங்க குலத்து வரிசைக்கு நடந்து போய் நில்லுங்க. ஓடக் கூடாது, நடக்கணும். தன் வரிசையில நிக்கறவன் தன் குலத்துக்குச் சொந்தம். அதுவும் வழக்கம்தான். அங்கேயிருந்து உங்களை இழுக்கணும்னா கோதர்ஸ் அப்பன் பிணத்துக்கு முன்னாடியே ஏழு குலத்தோட மோதணும்."

சபாக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நபாஸைக் கூட்டிக்கிட்டுப் போனீங்களே பெரியம்மா, அன்னிக்கு நான் பெரிய பையன். எல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஆறு நாள் உங்க கையால சாப்பிடல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப எப்படி உங்களை நம்பறது?"

"நம்பாதே" என்றாள் சரானா. "பேர் கேட்டதும் நட. அது போதும்."

மாதாக் தொண்டையைச் செருமினான். "எனக்கு ஒரு சிக்கல். நான் வந்தப்ப நாலு வயசு. பத்து தாடிக்காரனை நிக்க வெச்சா அதுல யாரு என் அப்பான்னு எனக்குத் தெரியாது. தப்பான வரிசையில போய் நின்னுட்டா?"

யாரோ ஒருத்தர் சிரித்தார்; பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள், கண்ணில் தண்ணீரோடு.

"உன் காது உங்கப்பா காது" என்றாள் சரானா. "காதைப் பார்த்துப் போ."

அடக்கத்தன்று வானம் வெறுமையாக இருந்தது, காற்றுக்கூட இல்லை. மேட்டின் நடுவில் விறகுகளை அடுக்கி அதன் மேல் சியாவக்கின் வாளைச் செங்குத்தாக நட்டிருந்தார்கள். அந்த வாளைத்தான் கும்பிடுவார்கள். அதன் மேல்தான் சத்தியம். குழிக்குள் அவனை இறக்கியாயிற்று. கொல்லப்பட்ட குதிரைகள் ஒரு பக்கம் கிடந்தன. சுற்றிலும் எட்டுக் குலங்களும் பைகளில் மண்ணோடு வரிசை கட்டி நின்றன.

சரானா காலை இழுத்து இழுத்து முன்னால் நடக்க, ஏழு பேரும் பின்னால் வந்தார்கள். கோதர்ஸ் குழியின் ஓரத்தில் நின்றான். அவன் ஆட்களில் எட்டுப் பேர் இடுப்பில் சுருட்டிய கயிறு வைத்திருந்ததை அவள் பார்த்தாள்.

"அப்பாவோட பிள்ளைகளே, மேல வாங்க. அவருக்குப் பக்கத்துல நில்லுங்க" என்று உரக்கச் சொன்னான் கோதர்ஸ்.

சரானா மேலே ஏறவில்லை. வட்டத்தின் ஓரத்தில் நின்று, வாளைப் பார்த்துக் கையை நீட்டினாள். சண்டைக்களத்தில் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுடையது. ஐம்பது வயதிலும் அது உடையவில்லை.

"சபாக்! உங்கப்பா இப்ப உயிரோட இல்ல. உங்கண்ணன் உனக்காக மண்ணு கொண்டு வந்து நிக்கறான். போய் வாங்கிக்கோ."

சபாக் நடந்தான். நூறு அடி இருக்கும். வரிசையில் நின்ற ஒருவன் பையை அவனிடம் நீட்டினான். சபாக் வாங்கிக்கொண்டு திரும்பி நின்றான்.

"அத்தை!" என்றான் கோதர்ஸ்.

அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். மாதாக்கின் பெயரைக் கூப்பிட்டபோது அவன் வடக்கு வரிசைக்கு முன்னால் போய் உண்மையாகவே தயங்கி நின்றான். வரிசையில் இருந்த ஒரு கிழவர் மெதுவாகத் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். விடைத்து நின்ற பெரிய காதுகள். மாதாக் போய் அவர் பக்கத்தில் நின்றான். கிழவர் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அடக்கம் முடிகிறவரை விடவில்லை.

ஏழாவதாகக் கடைசிப் பெண்ணும் போய்ச் சேர்ந்தாள். கோதர்ஸின் கை வாளின் பிடியில் இருந்தது. அவன் தன் ஆட்களைப் பார்த்தான். கயிறு வைத்திருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அந்த ஏழு பேரோடு சேர்ந்து வேட்டையாடியவர்கள், குடித்தவர்கள். ஒருவன் சபாக்குக்குத் தங்கை முறையாகும் பெண்ணைக் கட்டியவன்.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். சரானா கிழக்கு வரிசையின் பக்கம் திரும்பினாள். அங்கே அஸ்பானா குதிரை மேல் இருந்தாள், கருப்புத் துணி போர்த்தி.

"நபாஸ்!" என்று கூப்பிட்டாள் சரானா. "அஸ்பானாவோட மகன் நபாஸ்!"

யாரும் வரவில்லை. வரமுடியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க வரிசைக்கு அனுப்ப என்கிட்ட யாரும் இல்ல அஸ்பானா" என்றாள். "என் தம்பி கேட்டான். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து கொடுத்தேன். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

அஸ்பானா குதிரையை நடத்தி அவள் பக்கத்தில் வந்தாள். கீழே இறங்கவில்லை. சேணத்தில் கட்டியிருந்த மண் பையை அவிழ்த்து, மேட்டின் மேல் போடாமல், சரானாவின் காலடியில் கொட்டினாள். பிறகு குதிரையைத் திருப்பிக் கிழக்கே போனாள். அவள் ஆட்கள் நூறு பேரும் பைகளைக் கவிழ்த்துவிட்டு அவள் பின்னால் போனார்கள்.

மற்றக் குலங்கள் மண்ணைப் போட்டன. சியாவக்குக்கு மரியாதை செய்யாமல் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. மேடு உயர்ந்தது. ஆனால் விருந்துக்கு ஒருவரும் இருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எட்டுத் திக்கிலும் தூசி எழும்பி அடங்கிவிட்டது.

கோதர்ஸ் அத்தையிடம் வந்தான். அவன் அழுதிருந்தான். "அப்பா முப்பது வருஷம் கட்டினதை ஒரே காலைப்பொழுதுல கலைச்சிட்டீங்க."

"ஆமா."

"ஏன் அத்தை? என்கிட்ட என்ன குறை?"

"உன்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்றாள் சரானா. "நான் இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன். அவ்வளவுதான்."

அவன் அவளைக் கொல்லவில்லை. அப்பாவின் அக்காவை அப்பாவின் மேட்டிலேயே கொல்ல அவனுக்குத் துணிவில்லை என்று சிலர் சொன்னார்கள். அன்பு என்று சிலர் சொன்னார்கள். வண்டியையும் மந்தையையும் எடுத்துக்கொண்டு, ஒரு குதிரையைக் கொடுத்துப் போகச் சொன்னான். சபாக் ஒரு நாள் பயணத் தூரத்தில் காத்திருந்தான். "வாங்க பெரியம்மா" என்றான். குதிரையைத் திருப்பி முன்னால் போனான்.

சியாவக்கின் நாடு அந்தக் குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. கோதர்ஸ் இரண்டு வருஷம் தன் குலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மல்லாடினான். மூன்றாம் வருஷம் தெற்கே கொள்ளைக்குப் போன இடத்தில் ஈட்டி பாய்ந்து விழுந்தான். பட்டணத்துக் கிரேக்கர்கள் சியாவக்கின் பெயரைச் சொல்வதை விட்டார்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்க மட்டும் அந்தப் பெயர் உபயோகப்பட்டதாம்.

ஆறாம் வருஷம் மழை பொய்த்தது. சித்தாறுகள் வற்றி, குலங்கள் எல்லாம் டான் ஆற்றின் ஒரே ஒரு இறங்குதுறையை நோக்கி மந்தைகளை ஓட்டின. பழைய காலமாக இருந்தால் அந்தத் துறையின் தண்ணீர் சிவந்திருக்கும். சியாவக்கின் அப்பா செத்தது அந்த மாதிரி ஒரு துறையில்தான். முதலில் சபாக்கின் குலம் வந்து சேர்ந்தது. மறுநாள் வடக்கிலிருந்து மாதாக்கின் மந்தை வந்தது. அப்பாவுக்குப் பிறகு அவன்தான் தலைவன். இரண்டு பக்கத்து இளைஞர்களும் வில்லுக்கு நாண் ஏற்றிக்கொண்டு நின்றார்கள்.

மாதாக் தனியாகக் குதிரையில் வந்தான். "டேய் சபாக், கிழவா! எல்லாத் தண்ணியையும் நீயே குடிச்சிட்டியா?"

"உன் காது நனையற அளவுக்கு வெச்சிருக்கேன், இறங்கு" என்றான் சபாக்.

உச்சிப்பொழுது வரைக்கும் ஒருவர், அதற்குப் பிறகு ஒருவர் என்று நின்ற நிலையிலேயே முடிவானது. இளைஞர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் தலைவர்கள் இருவரும் எந்தக் குலத்தின் பேச்சும் இல்லாத ஒரு கலப்புப் பேச்சில், சரானாவின் வண்டிகளில் உருவான பேச்சில், கிண்டலடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று குலங்கள் வந்தன. மூன்றிலும் அதே பேச்சு பேசுகிற ஒருவர் இருந்தார். சியாவக் பயத்துக்காகச் சேர்த்து வைத்தவர்கள். சேர்த்து வைத்ததில் வேறொன்றும் நடந்துவிட்டது. அதை அவன் எண்ணிப் பார்த்திருக்கமாட்டான்.

கடைசியாகக் கிழக்கிலிருந்து அஸ்பானா வந்தாள். அவள் குலத்தில் அந்தப் பேச்சு பேச ஆள் இல்லை. துறைக்கு எட்டத்திலேயே மந்தையை நிறுத்திவிட்டு நின்றாள். சபாக் நடந்தே போய், தலையிலிருந்து தொப்பியை எடுத்து, "விடியக்காலைத் தண்ணி உங்களுது அம்மா. கலங்காத தண்ணி" என்றான்.

அவள் அதற்குத் தலையசைத்தாள். பிறகு, "சரானா உயிரோட இருக்காளா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க."

"என் மகனை எங்க புதைச்சாங்கன்னு அவளுக்குத் தெரியுமா?"

மறுநாள் காலை இரண்டு கிழவிகளும் தனியே குதிரையில் கிளம்பினார்கள். அரை நாள் வழி. ஓர் ஓடை வளைவில், முள்ளுப்புதர் பக்கத்தில், தரை கொஞ்சம் மேடாக இருந்த இடத்தைச் சரானா காட்டினாள். மேட்டின் மேல் கற்கள் அடுக்கியிருந்தன. அடுக்கியது அவள்தான், தம்பிக்குத் தெரியாமல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்திருக்கிறாள்.

அஸ்பானா குதிரையிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சரானா முட்டி மடங்காமல் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரும்படி அஸ்பானா சொல்லவில்லை.

"அழுதானா?" என்று கேட்டாள் அஸ்பானா, திரும்பிப் பார்க்காமல்.

"அழல. எங்க போறோம்னு கேட்டான். உங்கப்பாவைப் பார்க்கன்னு சொன்னேன். தலையை வாரிவிட்டேன். சிக்கு இழுத்தப்ப வலிக்குதுன்னான்."

அஸ்பானாவின் முதுகு குலுங்கியது. சரானா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிப்பு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அதையும் அந்தத் தாய்தான் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று பட்டது.

வெயில் ஏறியது. குதிரைகள் காய்ந்த புல்லை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டன. அஸ்பானா எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"உன்கிட்ட எத்தனை நாள் இருந்தான்?"

"ரெண்டு குளிர்காலம், ஒரு கோடை."

"அவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், யார்கூட விளையாடினான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்குத் தெரியாது" என்றாள் அஸ்பானா. குதிரையில் ஏறிக் கடிவாளத்தைச் சரிசெய்தாள். "உன்னை நான் மன்னிக்கல. நாளைக்குக் காலையில என் வண்டிக்கு வா. சொல்லு."

சரானா போனாள். மழை வந்து குலங்கள் பிரிந்து போகிற வரைக்கும், பதினொரு நாள், ஒவ்வொரு காலையும் போனாள்.